முந்திரி ஓடும் குழித்தைலமும்

(பண்ணுருட்டியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பித்துக் காலங்கழிக்கும் என்னை, எண்ணெய் வடிக்கும் பொறியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தமை உங்களிற் பலர்க்கு வியப்பாயிருக்கலாம். எனக்கும் வியப்பே. நம்மவரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை வைத்திருப்போர் சிலர், அதன் ஓட்டினின்று உயிரி எண்ணெய் எடுக்கும் பொறியொன்றைக் கூட்டாக வாங்கக் கருதியுள்ளனர். பொறி விற்க வந்தவர், கழிவை உள்ளே இட்டால் டீசல் வெளியே வரும் என்று சொல்லிச் சென்றனராம். அதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுதலே எனக்கு இட்ட பணி. ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒரு திங்கள் படித்தேன். அறிவியலாசிரியராகிய நண்பரொருவர் என் ஐயங்களைத் தீர்த்தார்.

மேனாட்டார் பைரோலிசிஸ் என வழங்குவதைத் தமிழில் வெப்பச் சிதைவு எனலாம். பெயர் புதிதேயன்றிப் பொருள் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் குழித்தைலம் இறக்குவதை நேரிற் கண்டோர் இவ்வவையிலும் இருப்பர். அடியில் துளையிட்ட பானையிற் சிரட்டைத் துண்டுகளை நிரப்பி, வாய்மூடிச் சீலைமண் செய்து, குழியிற் புதைத்த வேறொரு கலத்தின்மேல் அதனை இருத்தி, சுற்றிலும் எருவடுக்கித் தீ மூட்டுவர். உள்ளே காற்றுப் புகாமையாற் சிரட்டை எரிவதில்லை, வெந்து சிதைகின்றது. எழும் ஆவி குளிர்ந்து கரிய தைலமாய்க் கீழ்க்கலத்திற் சொட்டும். பானையிற் கரி எஞ்சும். பொறியினுள் நிகழ்வதும் இதுவே. அதுகொண்டு, இன்றைய பொறியெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே என்று மார்தட்டுதல் வேண்டா. படைக்குத் தடவச் சிறிது தைலம் இறக்குதல் வேறு. ஆலைக்கு எரிபொருள் வடித்தல் வேறு.

வேறுபாடு வெப்பத்தை ஆளுதலில் உள்ளது. மெல்லச் சூடேற்றினாற் கரி மிகும். 500 பாகை சென்டிகிரேடு அளவில் விரைந்து சூடேற்றி, எழும் ஆவியை இரண்டொரு நொடியிற் குளிர்வித்தால் நீர்மம் மிகும். உலர்ந்த மரத்தூளாயின் எடையில் 60 முதல் 75 விழுக்காடு வரை நீர்மமாதலும் உண்டு. குளிர்ந்தும் நீர்மமாகாத வாயுவைப் பொறியின் அடுப்பிலேயே எரித்துவிடல் வேண்டும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு கொட்டகையிற் கசிந்தால் ஆளைக் கொல்லும்.

வடிந்த நீர்மம் டீசலோ எனின், அன்று. மரத்தூள், உமி, கரும்புச் சக்கை முதலியவற்றினின்று வருவதில் நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரை நீரே. எஞ்சியதிலும் உயிர்வளி மிகுதி. ஆதலின் அஃது எரிந்து தரும் வெப்பம் டீசலினதிற் பாதிக்கும் குறைவு. காடிபோற் புளித்து இரும்பை அரிக்கும், நாட்படத் தடித்துப் போகும், டீசலோடு கலவாது. கொதிகலனடியில் எரிக்கலாம், டிராக்டரில் ஊற்றினால் எந்திரம் கெடும்.

ஆனால் முந்திரி ஓட்டின் நிலை வேறு. அதன் எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு இயல்பாகவே எண்ணெய். மும்பை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் 2003, 2004 ஆம் ஆண்டுகளில் இதுபற்றிக் கட்டுரைகள் வெளியிட்டனர். ஓட்டை 175 பாகை வரை சூடாக்கி ஓர் எண்ணெயும், எஞ்சியதை வெற்றிடத்திற் சிதைத்து மற்றோர் எண்ணெயும் எடுத்தனர். இரண்டும் டீசலோடு முற்றக் கலந்தன. செம்பையும் துருவேறா எஃகையும் மிகுதியும் அரித்தில. பிற உயிரி எண்ணெய்கள்போல் விரைந்து கெடவுமில்லை. எரிபொருளாகத் தகும் என்று அவர்கள் சொன்னதுண்டு. டீசலே என்று சொன்னாரல்லர். அதுவும் ஆய்வுக்கூடத்துக் கலத்திற் கண்டது.

இங்கே ஒரு கணக்கும் பார்க்கவேண்டும். ஓட்டைப் பிழிந்தெடுக்கும் எண்ணெய் பிரேக் பட்டைக்கும் வண்ணப்பூச்சுக்கும் விலைபோவதை நீங்களே அறிவீர்கள். அங்ஙனம் விற்கக்கூடியதைப் பொறியிலிட்டு எரிபொருளாக்குதல் ஊதியமாகாது. பிழிந்த சக்கையை மட்டும் இடுவதாயின், பிழியாத ஓடு தரும் அளவை அது தாராது. விற்க வந்தவர் எதனைக்கொண்டு கணக்குக் காட்டினார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. எண்ணெயோடு பிரிந்துவரும் எரியாத நீரைப்பற்றியும் அவர் வாய் திறந்திலர். பினாலும் அமிலமும் கலந்த அந்நீரை ஓடையில் விட்டால் நம் கிணறுகளும் கெடிலமும் கெடும்.

என் தாயார் இருபது ஆண்டு கொட்டை உடைத்தவர். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தும் அவர் உள்ளங்கை கறுத்துத் தோலுரிந்தே இருக்கும். சில இரவுகளிற் சோறு பிசைய மாட்டாமல் என்னைப் பிசைந்து தரச் சொல்லுவார். அவர் கையைச் சுட்ட எண்ணெய்க்கே இன்று நாம் விலை பேசுகின்றோம். கூட்டு முதலில் முதற்செலவு, உடைக்கும் பெண்மக்களுக்குக் கையுறையாக இருக்கவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையுண்டு.

முன்பணம் கொடுப்பதைச் சிறிது பொறுங்கள். நம் ஓட்டில் ஒரு மூட்டையும், பிழிந்த சக்கையில் ஒரு மூட்டையும் கொண்டுபோய், விற்பவர் பொறியிலேயே நம் கண்முன் இடச்செய்து, வரும் எண்ணெய், கரி, நீர் மூன்றையும் நிறுத்துப் பார்ப்போம். எண்ணெயின் வெப்பத்தை அவர்க்குத் தொடர்பில்லாத ஆய்வுக்கூடத்தில் அளப்பிப்போம். மூட்டைகள் என் மைத்துனர் கொட்டகையிற் கட்டி வைக்கப்பட்டுள்ளன. உடன்வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.