பாலேரி மாணிக்கம்: சாட்சி சொல்ல யார் வருவார்?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் திரளாக வந்திருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



போனஸ் விவகாரம் கிடக்கிறது, கூலி விவகாரம் கிடக்கிறது, இதற்கு நடுவில் சினிமாவைப் பற்றி ஒரு பேச்சா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நான் சொல்லவந்த படம் நம் வர்க்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் சாவைப் பற்றியது. போகிற போக்கில் நம் இயக்கத்தையும் சுருக்கென்று குத்திவிட்டுப் போகிற படம். அதனால்தான் இதை வேறு மேடைக்கு விட்டுவிட எனக்கு மனமில்லை.

படத்தின் பெயர் ‘பாலேரி மாணிக்கம்’. நடுநிசியில் நடந்த ஒரு கொலையின் கதை என்பது அதன் துணைத் தலைப்பு. 2009-ல் வந்த மலையாளப் படம். டைரக்டர் ரஞ்சித். அதே பெயரில் டி.பி. ராஜீவன் எழுதிய நாவல்தான் மூலம். அந்த ஆண்டுக்கான கேரள சர்க்காரின் சிறந்த படப் பரிசும், மம்மூட்டிக்குச் சிறந்த நடிகர் பரிசும், சுவேதா மேனனுக்குச் சிறந்த நடிகை பரிசும் இதற்குக் கிடைத்தன. 2024-ல் புதுப் பிரதி போட்டு மறுபடி திரையிட்டார்கள்.

பாலேரி எங்கே இருக்கிறது? கோழிக்கோடு ஜில்லாவில், குற்றியாடிக்குப் பக்கத்தில். 1956 நவம்பர் 1 வரை அந்த மலபார் ஜில்லா முழுவதும் சென்னை ராஜ்யத்தோடுதான் இருந்தது. அந்த ஊர்களின் போலீசும் கோர்ட்டும் நமக்கு நன்றாகப் பழக்கமான அதே போலீசும் கோர்ட்டும்தான். 1957-ல் அந்தக் கிராமத்தில் நடந்த கொலைதான் படத்தின் அடிப்படை. இ.எம்.எஸ். மந்திரிசபை வந்த பிறகு நாட்டையே பேசவைத்த முதல் கொலை வழக்கு இது என்று சொல்லித்தான் கதையை ஆரம்பிக்கிறார்கள்.

கதை இதுதான். மாணிக்கம் ஓர் ஏழை வீட்டுப் பெண். கலியாணமாகி வந்து சில நாட்கள்கூட ஆகவில்லை. ஓர் இரவு கெடுக்கப்பட்டுப் பிணமாகக் கிடக்கிறாள். அதே இரவில் அதே ஊரில் இன்னொரு சாவும் நடக்கிறது. ஊரை ஆட்டிப் படைக்கிறவர் முரிக்கும்குன்னத்து அகமது ஹாஜி என்ற நிலப்பிரபு. அவர் நடந்து வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்கவேண்டும். போலீஸ் வருகிறது, விசாரிக்கிறது, சிலரைப் பிடிக்கிறது. வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. கடைசியில் மாணிக்கத்தைக் கொன்றதற்காக யாருக்கும் தண்டனை இல்லை. ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து, அந்த இரவில் அந்த ஊரில் பிறந்த ஹரிதாஸ் என்ற துப்பறிவாளன் டில்லியிலிருந்து வந்து பழைய கணக்கைத் தோண்டுகிறான். கொலையாளி யார் என்று நான் சொல்லமாட்டேன். காசு கொடுத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தத் துரோகம் செய்யக்கூடாது.

எனக்கு முக்கியமாகப் பட்டது கொலையாளியின் பெயர் அல்ல. ஊருக்கே தெரிந்த ஒரு விஷயம் கோர்ட்டுக்கு மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று?

தோழர்களே, குற்ற வழக்கு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பாருங்கள். போலீஸ்காரரிடம் சாட்சி சொன்னதை அவர் எழுதிக்கொள்கிறார்; அதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்குவதில்லை. அந்தக் காகிதத்தைக் காட்டி யாரையும் தண்டிக்க முடியாது. சாட்சி கூண்டில் ஏறி, ஜட்ஜ் முன்னால், எதிரி வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு நின்று, தன் வாயால் சொன்னால்தான் அது சாட்சியம். அங்கே அவர் ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டால் எதிரிக்குச் ‘சந்தேகத்தின் பலன்’ கிடைக்கிறது. ஆக, வழக்கு முழுவதும் ஓர் ஏழையின் நாக்கின்மேல் நிற்கிறது. அந்த ஏழையின் குடிசையோ நிலப்பிரபுவின் மண்மேல் நிற்கிறது. காலையில் சாட்சி சொன்னால் மாலையில் சட்டிபானை தெருவுக்கு வரும். அவன் எப்படிப் பேசுவான்?

படத்தில் மாணிக்கத்தின் மாமியார் சீருவைப் பாருங்கள். சுவேதா மேனன் நடித்திருக்கும் பாத்திரம் அது. ஹாஜியின் தயவில் காலந்தள்ளும் பெண். அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஊர் அப்படித்தான் சொல்கிறது. அவளுக்கு ஹாஜியின் நிழலை விட்டால் நிற்க வேறு இடம் ஏது என்று யாரும் கேட்பதில்லை.

1957 ஏப்ரல் 5-ல் பதவி ஏற்ற மந்திரிசபை ஏப்ரல் 11-ந் தேதியே, குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றக்கூடாது என்று அவசரச் சட்டம் போட்டது. தொழிலாளர், விவசாயிகளின் நியாயமான போராட்டங்களை ஒடுக்கப் போலீசை அனுப்ப முடியாது என்று அறிவித்தது. இந்தியாவில் அதற்கு முன் எந்த ராஜ்ய சர்க்கார் இப்படிச் சொல்லிற்று? ஆனால் திருவனந்தபுரத்தில் எழுதிய காகிதம் பாலேரியின் குடிசைக்கு வந்து சேரவேண்டுமே! 1959 ஜூலை 31-ல் மந்திரிசபையையே கலைத்துவிட்டார்கள். 1970 ஜனவரி 1-ல்தான் ஜன்மி முறை சட்டப்படி ஒழிந்தது. பஞ்சாயத்துப் பகுதியில் குடிசை போட்டிருந்தவனுக்குப் பத்து சென்ட் மண்மேல் உரிமை வந்தது. பத்து சென்ட் என்றால் சிரிக்காதீர்கள். அது வாயைத் திறக்கிற உரிமை. மாணிக்கம் செத்தபோது அந்தப் பத்து சென்ட் பாலேரியில் யாரிடமும் இல்லை.

ஒரு தோழர் என்னிடம் கோபமாகக் கேட்டார்: “நம் கட்சியைக் கேவலப்படுத்துகிற படத்துக்கு நாமே விளம்பரம் செய்வதா?” உண்மைதான். உள்ளூரில் கட்சி பெரிய மனிதரோடு சமரசம் செய்துகொண்டது என்று படம் விரல் நீட்டுகிறது. நாவலாசிரியர் நம் நண்பரும் அல்ல. நாவல் கோர்ட்டுத் தீர்ப்பும் அல்ல. நடந்ததோடு கற்பனையைச் சேர்த்து எழுதியது. ஆனால் ஸ்ரீனிவாசன் நடித்திருக்கும் கேசவனைப் பாருங்கள். கத்தியும் கத்தரியும் பிடித்துப் பிழைக்கிற நாவிதர். கட்சியை உயிராக நேசித்தவர். அவர் முகத்தில் தெரிகிற ஏமாற்றம் எதிரியின் பொய்ப் பிரசாரமாக எனக்குப் படவில்லை. அப்படிப்பட்டவர் ஒருவர் உங்கள் கிளையிலும் இருப்பார், மூலையில், பேசாமல். சர்க்கார் நம்முடையது, அதனால் இந்த வழக்கைப் பெரிதாக்காதே என்று ஓர் ஊரில் ஒருவர் சொல்லியிருந்தால்கூட அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். எதிரிகள் சொல்வார்கள் என்பதற்காக வாயை மூடினால், நாமும் அந்தச் சாட்சிகளின் வரிசையில்தான் போய் நிற்போம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஹாஜி முஸ்லிம் என்பதைப் பிடித்துக்கொண்டு வேறு அரசியல் பேச இன்று ஆட்கள் இருக்கிறார்கள். மலபாரில் நம்பூதிரி ஜன்மி உண்டு, நாயர் ஜன்மி உண்டு, கோயில் பெயரில் நிலம் வைத்திருந்தவர்கள் உண்டு. ஹாஜிக்கு அதிகாரம் வந்தது நிலத்திலிருந்து, தொப்பியிலிருந்து அல்ல.

படத்தில் எனக்குக் குறையும் உண்டு. மம்மூட்டி மூன்று வேடம். நிலப்பிரபுவாக அவர் வந்து நிற்கும்போது கொட்டகையில் விசில் பறக்கிறது. அந்த மிடுக்கை வெறுக்க வேண்டியவர்கள் கைதட்டுகிறார்கள்! பிறகு அந்த டில்லித் துப்பறிவாளன். பாலேரிக்காரர்கள் அரை நூற்றாண்டாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைத்தான் அவன் கேட்டு எழுதிக்கொள்கிறான். பெருமை அவனுக்குப் போகிறது. ஆனால் அந்த ஊர்க் கிழவர்களாகவும் கிழவிகளாகவும் வருகிறவர்களில் பலர் கோழிக்கோட்டு நாடக மேடையில் பழகியவர்கள். அவர்கள் வாயைத் திறந்தால் வடக்கு மலபார் மண் பேசுகிறது. நமக்கு முதலில் பத்து நிமிஷம் புரியாது. பிறகு காது பழகிவிடும்.

பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் பேசுவோம். அன்றைக்குப் பெண் தோழர்கள் முதலில் பேசட்டும். சீருவைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்க எனக்கு ஆவல்.