சுக்கானும் சுத்தியலும்



யாக்கோபு தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நாவைப் பற்றிப் பேச வரும்போது கப்பலின் சுக்கானை எடுத்துக்காட்டுகிறார். எவ்வளவு பெரிய கப்பலையும் ஒரு சிறிய சுக்கான் திருப்பிவிடுகிறது என்கிறார். நாவைப் பற்றி நாம் பல முறை பேசிவிட்டோம். இன்று சுக்கானைப் பற்றியே கொஞ்சம் பேசுவோம். கப்பல் சுக்கான் அல்ல, கார் சுக்கான்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரைப் பழைய சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி அது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் சென்னையிலேயே அதைச் செய்தார்கள். முன்பக்க மூடி இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து அப்படியே முன்னோக்கித் திறக்கும். ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். சந்துக்குள் திருப்புவதற்கு அதைப்போல் இன்னொரு வண்டி இல்லை என்று அந்தக் காலத்து ஓட்டுநர்கள் இன்றும் சொல்வார்கள்.

நம் பங்கைச் சேர்ந்த தம்பி ஒருவரிடம் அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற ஹெரால்டு இருக்கிறது. தங்கையின் திருமணத்துக்கு மணப்பெண்ணை அந்த வண்டியில்தான் கோவிலுக்கு அழைத்துவர வேண்டும் என்பது அவர் ஆசை. ஸ்டீயரிங் தண்டு மேல்பகுதியில் தேய்ந்த புஷ் காரணமாக ஆடிக்கொண்டிருந்தது. புஷ்ஷை மாற்ற வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டும். அதுவோ பல்லாண்டுத் துருவில் இறுகிக் கிடந்தது. ஒரு பட்டறையில் நட்டை முழுவதும் கழற்றிவிட்டு, தண்டின் தலையில் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். ஸ்டீயரிங் வரவில்லை. தண்டின் மரை நசுங்கியதுதான் மிச்சம். நட்டைத் திரும்பப் போடவும் முடியவில்லை.

அந்த நிலையில்தான் தம்பி மந்திரிப்புக்குத் தேதி கேட்டு வந்தார். "இவ்வளவு அடித்தும் அசையாத ஸ்டீயரிங், ஓட்டும்போதா ஃபாதர் கழன்று வரப்போகிறது? கல்யாணத்துக்கு அப்படியே ஓட்டிவிடலாம்" என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தண்டின் மேல்முனையில் நெடுக்காக நுண்ணிய பல்வரிகள் இருக்கும். ஸ்டீயரிங்கின் நடுக்குடத்திலும் அதேபோல் உள்வரிகள் உண்டு. இரண்டும் கோத்துக்கொள்வதால்தான் நம் கையின் திருப்பம் சக்கரம் வரை போகிறது. மேலே எழும்பாமல் பிடித்துவைப்பது நட்டு. நட்டு இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது துரு ஒன்றுதான். சுத்தியல் அடியில் அந்தத் துரு எந்த அளவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது என்று வெளியே தெரியாது. பட்டறையில் வராதது, பாலத்து இறக்கத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் கையோடு வரலாம். பின்சீட்டில் மணப்பெண் உட்கார்ந்திருப்பாள்.

இன்னொன்றும் உண்டு. ஹெரால்டின் ஸ்டீயரிங் தண்டு ஒரே கம்பி அல்ல. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டுகளை ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருக்கிறது. விபத்தில் தண்டு ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் உள்வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அப்படிப்பட்ட தண்டின் தலையில் சுத்தியலால் அடிப்பவர், விபத்தைப் பட்டறையிலேயே நடத்திப் பார்க்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

குருமடத்தில் நாம் படித்தது இறையியல், இயந்திரவியல் அல்ல. ஆனாலும் வாகனங்களை மந்திரிக்கிற கைக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. தீர்த்தம் நட்டை இறுக்காது. வாடகை வண்டி பேசும்படி தம்பியிடம் சொன்னோம். அவருக்கு வருத்தம்தான். தங்கை வாடகைக் காரில் வந்து இறங்கினார், திருமணம் நல்லபடியாக நடந்தது.

அதன்பிறகு நிதானமாக வேலை நடந்தது. லேத் வேலையில் பழுத்த பெரியவர் ஒருவர் முன்வந்தார். முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தார், ஹாரன் கம்பி அங்கேதான் வருகிறது. முன்சக்கரங்களை நேராக நிறுத்தினார். நசுங்கிய மரையைச் சிறிய அரத்தால் சீவி, மரை வெட்டும் டையால் சரிசெய்து, நட்டைக் கையால் ஏற்றினார். முழுவதும் இறுக்காமல், மூன்று நான்கு மரை பிடித்ததும் நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார். இறுகிக் கிடக்கும் ஸ்டீயரிங் விடும்போது சொல்லிக்கொண்டு விடாது, இழுப்பவர் முகத்தில்தான் வந்து அடிக்கும். நட்டு இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

பிறகு பல்வரிகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தார். மறுநாள் புல்லரை மாட்டினார். அதன் கால்கள் நடுக்குடத்தைத்தான் பிடிக்க வேண்டும். ஆரத்தையோ விளிம்பையோ பிடித்தால் வளையும், பழைய பிளாஸ்டிக் பிளந்துபோகும். நடுத்திருகை மெல்ல முறுக்கி, விறைத்ததும் நிறுத்தி, மறுபடி எண்ணெய் விட்டு வீட்டுக்குப் போய்விட்டார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. கேஸ் விளக்கு கொண்டுவரட்டுமா என்றார். பிளாஸ்டிக் எரிந்துபோகும் என்று பெரியவர் தடுத்துவிட்டார். மூன்றாம் நாள் மாலை, கால் சுற்று முறுக்கியதும் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். ஸ்டீயரிங் எழும்பி நட்டில் முட்டி நின்றது.

துருவைத் துடைத்தபோது தண்டிலும் குடத்திலும் நேருக்கு நேராக ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு தெரிந்தது. மறுபடி மாட்டும்போது கோணாமல் இருக்க, கழற்றுவதற்கு முன் எவரோ இட்ட அடையாளம். தகப்பனார் இட்டதோ, அந்தக் காலத்து மெக்கானிக் இட்டதோ? தம்பி அதைத் தகப்பனாருடையது என்றே வைத்துக்கொண்டார். நாமும் மறுக்கவில்லை.

கிளாம்ப் இருந்த இடத்தில் தண்டு அரை விரற்கடை உள்ளே இறங்கியிருந்தது. சுத்தியல் செய்த வேலை. அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினார்கள். புதிய புஷ் போட்டு, பல்வரிகளில் மெல்லிய கிரீஸ் தடவி, கோட்டோடு கோடு சேர்த்து ஸ்டீயரிங்கை மாட்டினார்கள். புதிய நட்டும் போட்டார்கள். கோவில் வளாகத்துக்குள் மட்டும் மெதுவாக இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, மறுபடி மூடியைத் திறந்து நட்டைச் சோதித்த பிறகு மந்திரிப்புக்குத் தேதி கேட்டார் தம்பி. அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் என்று கொடுத்தோம்.