கோதுமையை நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை

இந்த எபிசோடுல நான் பண்ண ஒரு தப்பைப் பத்திப் பேசப்போறேன்.

அக்கா குடும்பம் நொய்டாவுல இருக்கு. அவ பொண்ணுக்கு அப்போ ஆறு வயசு. ஸ்கூல் பிரேயர்ல எப்பவும் வரிசையில முதல் ஆள், அவ்வளவு குள்ளம். போன வருஷ யூனிஃபார்ம் இந்த வருஷமும் பத்துச்சுன்னு அக்கா முதல்ல சந்தோஷம்தான் பட்டா. கூடவே அடிக்கடி வயித்து வலி, மலச்சிக்கல், வாய்ப்புண். ரத்தசோகைன்னு மாசக்கணக்கா இரும்புச்சத்து சிரப் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறல.

ஒருநாள் ராத்திரி அக்கா போன்ல அழுதா. நான் லேப்டாப்பைத் திறந்து ரெண்டு மணி நேரம் படிச்சேன். "அக்கா, இது சீலியாக் மாதிரி இருக்கு. நாளைலேர்ந்து சப்பாத்தி, பிரெட், பிஸ்கட் எல்லாத்தையும் நிறுத்திடு"ன்னேன். மதுரைலேர்ந்து அம்மாவும், "நம்ம ஊர் மாதிரி இட்லியும் சோறும் கொடுடி"ன்னாங்க. ஒரு மாசத்துல வயித்து வலி போச்சு. குடும்பத்துல நான்தான் ஹீரோ.

அப்புறம்தான் குழந்தைகளுக்கான குடல் மருத்துவர்கிட்ட போனாங்க. அவர் கேட்ட முதல் கேள்வி: "டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி ஏன் நிறுத்துனீங்க?"

சீலியாக் அலர்ஜி கிடையாது. அது ஆட்டோஇம்யூன் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், மரபணு வாய்ப்புள்ள குழந்தையின் எதிர்ப்பு சக்தி அதோட சிறுகுடலையே தாக்குது. உள்சுவரில் விரல் விரலா நீட்டிக்கிட்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ஞ்சு தட்டையாயிடும். எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடம்புல ஒட்டாது. சின்னக் குழந்தைகள்ல வயித்தால போறது, வயிறு உப்புறது, எடை ஏறாம நிக்கிறதுன்னு பளிச்சுன்னு தெரியும். கொஞ்சம் பெரிய குழந்தைகள்ல, எங்க பாப்பா மாதிரி, ரத்தசோகையும் உயரம் குறைவும் மட்டுமே அடையாளமா இருக்கலாம்.

முதல் டெஸ்ட் ரத்தத்துல: டிடிஜி-ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கணும். சில குழந்தைகளுக்கு ஐஜிஏவே குறைவா இருக்கும். அப்போ நோய் இருந்தும் ரிசல்ட் நார்மல்னு வந்துடும். டிடிஜி கூடுதலா இருந்தா, வழக்கமா எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலோட தொடக்கத்துலேர்ந்து பயாப்சி எடுப்பாங்க. ஐரோப்பிய மருத்துவர்களோட 2020 வழிகாட்டுதல்படி, டிடிஜி இயல்பான உச்ச அளவைப் போல 10 மடங்கோ அதுக்கு மேலோ இருந்து, ரெண்டாவது தடவை எடுத்த ரத்தத்துல இஎம்ஏ டெஸ்ட்டும் பாசிட்டிவ்னா, பெற்றோரோட பேசி பயாப்சி இல்லாமலே உறுதி செய்யலாம்.

ஆனா குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாத்தான் இதெல்லாம் சரியா காட்டும். நிறுத்தினா எதிர்ப்பொருள் இறங்கும், குடலும் ஆற ஆரம்பிக்கும். "லாக் எடுக்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ணாதே"ன்னு ஆபீஸ்ல ஜூனியர்ஸ்கிட்ட தினம் சொல்றவன் நான். வீட்ல அதையேதான் பண்ணி வெச்சிருக்கேன்.

"அதான் தேறிட்டாளே, அப்படியே விட்டா என்ன?"ன்னு நானும் கேட்டேன். இதுக்கு மருந்து கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான். ஒரு பிறந்தநாள் கேக் கூட கூடாது. வெறும் சந்தேகத்தை வெச்சு ஒரு குழந்தையை அதுல உட்கார வைக்க முடியாது. உறுதியானா கூடப்பிறந்தவங்களுக்கும் பெற்றோருக்கும் டெஸ்ட் எடுக்கணும், அதுக்கும் ஒரு பதில் வேணும்.

அதனால மருத்துவர் கண்காணிப்புல பாப்பா மறுபடி சப்பாத்தி சாப்பிட்டா, வாரக்கணக்கா. வலி திரும்ப வந்துச்சு. வீடியோ கால்ல, "மாமா, சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே"ன்னா. என்கிட்ட பதில் இல்லை. ரத்த டெஸ்ட் பாசிட்டிவ், பயாப்சியிலும் உறுதியாச்சு. தேவையே இல்லாம ஒரு குழந்தையை ரெண்டாவது தடவை வலிக்க வெச்சேன்.

இது வடக்கத்தி நோய்னு நினைக்காதீங்க. 2016-ல வெளியான, பெரியவங்ககிட்ட நடத்துன ஆய்வுல, சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவங்க வட இந்தியாவுல 1.23 சதவீதம், தெற்குல 0.10 சதவீதம். ஆனா மரபணு வாய்ப்பு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அங்க சாப்பாட்டுல கோதுமை பல மடங்கு அதிகம். நம்ம வீடுகள்லயும் ராத்திரி சப்பாத்தி வந்தாச்சு இல்லையா?

இப்போ பாப்பா நல்லா வளர்றா. பொங்கலுக்கு வந்தப்போ அம்மா சாம்பாருக்குப் பெருங்காய டப்பாவை எடுத்து, கண்ணாடி போட்டு லேபிளைப் படிச்சாங்க. கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவோ மைதாவோ கலக்கிறது சகஜம். டப்பாவை மூடி பரண்ல வெச்சுட்டாங்க.

உங்க வீட்டுக் குழந்தைக்கு சந்தேகம் வந்தா, எதையும் நிறுத்தாதீங்க. முதல்ல மருத்துவர், அப்புறம் டெஸ்ட், அதுக்கப்புறம்தான் சாப்பாடு மாற்றம். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.