உவரி வாழத் தகுந்த ஊரா?



உவரி என்னும் சொல்லுக்குக் கடல் என்று பொருள். உவர்நீருக்கும் அதுவே பெயர். அந்தோனியார் திருத்தலத்துக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் வருவோர், மாலைக் காற்று வாங்கியபின் 'இருந்தால் இங்கல்லவா இருக்க வேண்டும்' என்பர். நாம் பாடும் நெய்தலும் பெரும்பாலும் அவ்வாறு கரையில் நின்று கண்டதே. வாழத் தகுமா என்பதைக் குடிநீர்க் குடம் சுமப்பவரும், கடலுக்குப் போனவன் திரும்பும்வரை உறங்காதவரும் அல்லவா சொல்ல வேண்டும்?

அவ்வூரில் பிறந்த ஜோ டி குருஸ் 2004இல் 'ஆழி சூழ் உலகு' நாவலில் பரதவர் வாழ்வைப் பரதவர் பேச்சிலேயே எழுதினார். அவரும் கப்பல் வணிகத் துறைக்கென ஊரைவிட்டு வெளியேறியவரே. ஊரை நேசிப்பது வேறு, அங்கு வாழ்வது வேறு.

நம் அடுத்த கவியரங்கை உவரிக் கடற்கரையில் வைப்போம். வலைஞரும் அவர்தம் இல்லத்தாரும் முன்வரிசையில் அமரட்டும்.