பெண் முகத்து மயிரும் ஆண்கள் எழுதிய சாஸ்திரமும்

(திருப்பாதிரிப்புலியூரில் நடந்த பெண்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தின் பேரைச் சொன்னவுடனேயே இங்குள்ளவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். குனிந்தவர்கள் பெண்கள், சிரித்தவர்கள் ஆண்கள். இந்த ஒன்றே இவ்விஷயத்தைப் பற்றி வெளிப்படையாய்ப் பேசவேண்டியது எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டப் போதுமானதாகும்.

பெண்களில் சிலருக்கு மேலுதட்டிலும், மோவாயிலும், கன்னத்தோரத்திலும் கறுத்த மயிர் முளைக்கின்றது. விஷயம் இவ்வளவுதான். தலைவலி, பல்வலி என்றால் நாலு பேர் எதிரில் சொல்லிக்கொள்ளுகிற பெண், இதை மாத்திரம் பெற்ற தாயிடங்கூடச் சொல்லாமல் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடியின் முன் நின்று அழுகிறாளென்றால் அதற்குக் காரணம் அந்த மயிரா? அல்ல. அந்த மயிரைப் பற்றி நாம் கற்பித்து வைத்திருக்கும் கற்பனைதான் காரணம் என்று சொல்லுகின்றோம்.

சாஸ்திரத்தின் யோக்கியதை

மனுதர்மம் மூன்றாவது அத்தியாயம் எட்டாவது சுலோகத்தை எடுத்துப் பாருங்கள். எந்தெந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று அதில் ஒரு ஜாப்தா இருக்கிறது. உடம்பில் மயிர் அதிகமாயுள்ள பெண் கூடாதாம். மயிரே இல்லாத பெண்ணும் கூடாதாம். அதிகமாய்ப் பேசுகிற பெண்ணுங் கூடாதாம். அதாவது, சந்தையில் மாடு பிடிப்பவன் சுழி பார்ப்பதுபோல் பெண்ணுக்கும் சுழி பார்க்கச் சொல்லுகிறது அந்தச் சாஸ்திரம். அதே சாஸ்திரத்தில் ஒரு பெண், வரப்போகும் மாப்பிள்ளையின் உடம்பைப் பார்த்து இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லுவதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று கேட்கின்றோம். சாமுத்திரிகா லட்சணம் என்று பேர் வைத்துக்கொண்டு, மீசை அரும்பிய பெண் புருஷனுக்கு ஆகாது என்று இன்றும் பேசுகிறவர்கள் இந்த மனுவின் வாரிசுகளே ஆவார்கள்.

ஆணுக்கு மேலுதட்டில் மயிர் வளர்ந்தால் அது வீரம். அதை முறுக்கிவிட்டால் கம்பீரம். அதே மயிர், அதே கறுப்பு, பெண்ணின் மேலுதட்டில் வளர்ந்தால் அபசகுனமாம். இன்னொரு பக்கம், புருஷன் செத்துப்போனால், வைதீகக் குடும்பங்களில் பெண்ணின் தலைமயிரைப் பலவந்தமாய்ச் சிரைத்து மூலையில் உட்காரவைத்தார்கள். முகத்தில் மயிர் இருக்கக்கூடாது, தாலி அறுந்தபின் தலையில் மயிர் இருக்கக்கூடாது என்றால், பெண்ணின் உடம்பிலுள்ள ஒரு மயிருக்குக்கூட அவள் சொந்தக்காரி அல்ல என்பதல்லாமல் இதற்கு வேறு அர்த்தம் என்ன?

இந்த ஊர்ப் பேரையே எடுத்துக்கொள்ளுவோம். புலிக்கால் முனிவர் என்கிற வியாக்கிரபாதர் இங்கு வந்து பூசித்ததனால்தான் இது புலியூர் ஆயிற்றென்று புராணக்காரர்கள் சொல்லுகிறார்கள். சிதம்பரத்துக்கும் அவரால்தான் பெரும்பற்றப்புலியூர் என்று பேராம். மரமேறிப் பூப்பறிக்கப் புலியின் காலும் நகமும் வேண்டுமென்று அவர் கேட்டாராம், கடவுள் கொடுத்தாராம். அந்தச் சிதம்பரத்து நடராசருக்கோ ஒரு காதில் ஆண்பிள்ளைக் குழை, மறு காதில் பெண்பிள்ளைத் தோடு. இதற்கெல்லாம் தத்துவார்த்தம் சொல்லி விழுந்து கும்பிடுகிறார்கள். மனிதனுக்குப் புலிக்கால் முளைத்தால் அவர் முனிவர். ஆண்சாமி தோடு போட்டுக்கொண்டால் அது திருக்கோலம். ஒரு ஏழைப் பெண்ணுக்கு மோவாயில் நாலு மயிர் முளைத்தால் மாத்திரம் அவள் மூதேவியா? பக்தர்கள் பதில் சொல்லட்டும்.

படித்தவர்களின் லட்சணம்

இதெல்லாம் படிக்காதவர்களின் பேச்சு, படிப்பு பரவினால் போய்விடும் என்பார்கள் சிலர். 2024ஆம் வருஷம் உத்தரப்பிரதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். அந்த மாநிலத்தின் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு சிறு பெண் 600க்கு 591 மார்க்கு வாங்கி முதலாவதாகத் தேறினாள். அவளுடைய படம் வெளிவந்தது. உடனே கையில் செல்போன் வைத்திருந்த படிப்பாளிகள் அவள் வாங்கிய மார்க்கை விட்டுவிட்டு, அவள் மேலுதட்டிலிருந்த மயிரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் பரிகாசம்! இரண்டொரு மார்க்கு குறைவாக வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காதே என்று அந்தக் குழந்தை சொல்லும்படி ஆயிற்று. ஒரு சவரக்கத்திக் கம்பெனியோ, அனுதாபம் சொல்லுவதுபோல் பத்திரிகையில் ஒரு பக்கம் விளம்பரமே போட்டுவிட்டது. மனுவுக்குப் பூணூல் இருந்தது. இவர்களுக்கு செல்போன் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

உண்மையில் நடப்பது என்ன?

நிற்க, பரிகாசத்தையும் சாஸ்திரத்தையும் தள்ளிவிட்டு விஞ்ஞானம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். ஆண் முகத்தில் இருப்பதுபோலவே பெண் முகத்திலும் மயிர்க்கால்கள் இருக்கின்றன. அவற்றில் சாதாரணமாய் மெல்லிய பூனைமயிர்தான் இருக்கும். ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதன்மேல் வேலை செய்யும்போது அது கறுத்துத் தடித்த மயிராக மாறுகிறது. இதை ஆண்மைச் சுரப்பு என்று சொல்லிவிட்டபடியால் ஆணுக்கே உரியதென்று நினைக்கவேண்டாம். எல்லாப் பெண்களின் உடம்பிலும், சினைப்பையிலும் சிறுநீரகத்தின்மேலுள்ள சுரப்பியிலும் இது கொஞ்சம் உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது. சிலருக்கு அது அதிகமாய்ச் சுரக்கிறது; சிலருக்கு அளவு சரியாயிருந்தும், வம்சவழியாக மயிர்க்கால்கள் அதற்கு அதிகமாய் இணங்குகின்றன. மாதவிடாய் நிற்கும் வயதில் மோவாயில் இரண்டொரு தடித்த மயிர் வருவதும் ஹார்மோன்களின் விகிதம் மாறுவதால்தான்.

அதிகமாய்ச் சுரப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம், பி.சி.ஓ.எஸ். என்று டாக்டர்கள் சொல்லிவரும் கோளாறாகும். 1935இல் சிக்காகோ நகரத்து டாக்டர்களான ஸ்டீன், லெவந்தால் என்ற இருவர் ஏழு பெண்களைப் பரீட்சித்து இதைப் பற்றி எழுதினார்கள். பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்துப் பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறதென்றும், அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாதென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. மாதவிடாய் தப்பித் தப்பி வருதல், முகப்பரு, உடம்பு பருத்தல், பிள்ளை உண்டாவதில் தாமதம், பின்னாளில் சர்க்கரை வியாதி ஆகியவை இதோடு சேர்ந்து வரலாம். ஆகவே முகத்து மயிர் சில சமயங்களில் உள்ளேயிருந்து வருகிற ஒரு தகவலாகும். தகவல் கொண்டுவந்தவனை அடித்துத் துரத்திவிட்டு, தகவலைப் படிக்காமல் விட்டுவிடுவது புத்திசாலித்தனமா?

வெட்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம்

வெட்கத்தினால் டாக்டரிடம் போகாத பெண் சும்மா இருந்துவிடுவதில்லை. அவள் மோசக்காரனிடம் போகிறாள். இதற்குச் சரித்திரமே சாட்சி. தாளகத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசுகிற பழைய முறை நம் நாட்டில் இருந்தது. தாளகம் என்பது ஆர்சனிக் சேர்ந்த விஷம். சுண்ணாம்போ தோலை வேகவைப்பது. நாகரிகமென்று சொல்லப்படும் அமெரிக்காவில் 1920களில் எக்ஸ்ரே ஒளியை முகத்தில் பாய்ச்சி மயிரைப் போக்கும் கடைகள் பல நகரங்களில் நடந்தன. வலியில்லை, தழும்பில்லை என்று விளம்பரம் செய்தார்கள். மயிர் உதிர்ந்தது வாஸ்தவமே. ஆனால் சில வருஷங்களுக்குப் பின் தோல் சுருங்கிப் புண்ணாகிப் பலருக்குப் புற்றுநோயும் வந்தது. பிறகு 'கோரெம்லு' என்று ஒரு களிம்பு வந்தது. அதிலிருந்தது எலி பாஷாணத்தில் சேர்க்கிற தாலியம். பூசிய பெண்களில் பலருக்கு நரம்பு கெட்டது. கைகால் விளங்காமற் போனது. சிலருக்குக் கண்பார்வை கெட்டது. 1933இல் அமெரிக்க அரசாங்கத்தார் இத்தகைய மோசடிச் சரக்குகளையெல்லாம் ஒரு காட்சியாக வைத்தபோது இந்தக் களிம்பும் அதில் இடம்பெற்றது. 1938இல் அழகுச் சரக்குகளையும் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. அந்தப் பெண்களெல்லாம் முட்டாள்களா? இல்லை. ஊரார் சிரிப்புக்குப் பயந்தவர்கள், அவ்வளவுதான்.

எடுப்பதானால் எப்படி?

எடுக்கத்தான் வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. எடுக்கக் கூடாதென்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் தெரிந்து செய்யவேண்டும் என்றுதான் சொல்லுகின்றோம்.

முதலாவது, சவரம் செய்தால் மயிர் தடித்து வளரும் என்பது தவறான நம்பிக்கை. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க அம்மையார் 1928இலேயே அளந்து பார்த்து, அப்படி ஒன்றுமில்லையென்று காட்டிவிட்டார். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாயிருப்பதால் கைக்குச் சொரசொரப்பாய்த் தெரிகிறது. வேரில் ஒரு மாறுதலும் இல்லை.

நூல் போட்டு எடுப்பதும், மெழுகு ஒட்டி இழுப்பதும் சில வாரங்களுக்குத் தாங்கும். ஆளுக்கு ஆள் புது நூல் போடச் சொல்லுங்கள். பல்லில் கடித்த நூல் முகத்தில் படவேண்டாம். மயிர் போக்கும் களிம்பை முன்கையின் உட்புறத்தில் பூசிப் பார்த்து, ஒரு நாள் பொறுத்து, எரிச்சல் இல்லையென்று தெரிந்த பிறகே முகத்தில் பூசவேண்டும். கஸ்தூரி மஞ்சள் முகத்துக்கு நிறங்கொடுக்கட்டும். நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் பூசியதால் உள்ளே சுரப்பியின் வேலை மாறிவிடாது.

மின்சார ஊசியால் ஒவ்வொரு மயிர்க்காலாய்ச் சுட்டு அழிப்பது நிரந்தரமான முறை. 1875இல் கண்ணைக் குத்தும் இமைமயிரை எடுப்பதற்காக சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் எழுதிய முறை அது. நாள் அதிகம் பிடிக்கும். லேசர் என்பது, மயிரிலுள்ள கறுப்பு நிறம் ஒளியை வாங்கிச் சூடாகி வேர் கருகும் முறை. நரைத்த மயிரில் அது பலிக்காது. நம்மவர் தோலிலும் அந்தக் கறுப்பே இருப்பதால், தெரியாதவர் கையில் தோல் வெந்து கறை விழும். நம் நிறத்துக்கு ஏற்றது 1064 நானோமீட்டர் நீள அலையுள்ள லேசர் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஆறு, எட்டுத் தடவையாவது செய்யவேண்டும்; ஹார்மோன் கோளாறு இருந்தால் மறுபடியும் வளரும். அபூர்வமாய்ச் சிலருக்கு, விசேஷமாக முகத்தில், லேசரினாலேயே மயிர் அதிகமாவதும் உண்டு. ஆகவே, ஒரே தடவையில் அடியோடு போய்விடும் என்று போர்டு போட்டிருக்கும் கடையில் காலெடுத்து வைக்காதீர்கள்.

உள்ளுக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் உண்டு. பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அவற்றில் சில கர்ப்பத்திலுள்ள குழந்தைக்குக் கெடுதல் செய்யக்கூடியவை. ஆதலால் டாக்டரைக் கேளாமல் ஒரு மாத்திரையும் கூடாது.

முக்கியமாக ஒன்று. மயிர் சில மாதங்களுக்குள் திடீரென்று அதிகமாகி, குரலும் தடித்து, தலைமயிர் முன்பக்கம் உதிர்ந்தால், உள்ளே கட்டி இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களும் இரத்தப் பரீட்சை செய்துகொள்ளவேண்டும். சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் ஏற்பட்ட மருத்துவக் கல்லூரி இன்று அரசாங்கக் கல்லூரி. அங்கே பெண் வைத்தியப் பகுதியும் உண்டு, தோல் வைத்தியப் பகுதியும் உண்டு. நம் வரிப்பணத்தில் நடப்பது, கூச்சப்படாமல் போங்கள்.

பெற்றோர்களுக்கும் வாலிபர்களுக்கும்

பெற்றோர்களே! கலியாணம் தட்டிப்போகும் என்று உங்கள் பெண்ணை ஒளித்து வைக்காதீர்கள். புரோகிதனும் ஜாதகமும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967இல் சட்டமாகி, 1968 ஜனவரியில் அமலுக்கும் வந்தது. ஜாதகத்தைத் தள்ளிவிட்டுச் சாமுத்திரிகத்தை வைத்துக்கொள்ளுவது, பேயை ஓட்டிவிட்டுப் பிசாசுக்குச் சோறு வைப்பதாகும்.

வாலிபர்களே! நீங்கள் தினம் காலையில் கண்ணாடிமுன் நின்று சிரைத்துக்கொள்ளுவதைப் பார்த்து எந்தப் பெண்ணும் சிரிப்பதில்லை. அந்த மரியாதையை நீங்களும் திருப்பிக் கொடுங்கள்.

தாய்மார்களே! உங்கள் முகத்து மயிர் உங்களுடையது. வைத்துக்கொள்ளுவதும் எடுத்துவிடுவதும் உங்கள் இஷ்டம். எடுத்துக்கொண்டால் அது அடிமைத்தனமென்று நாம் சொல்லமாட்டோம். விட்டுவிட்டால் அவலட்சணமென்று பிறர் சொல்லவும் விடமாட்டோம். ஆனால் எடுப்பதாயிருந்தால் உங்கள் சௌகரியத்துக்காக எடுங்கள், பிறன் சிரிப்புக்குப் பயந்து எடுக்காதீர்கள். வெட்கப்படவேண்டியவர்கள் சிரிப்பவர்களே ஒழிய நீங்கள் அல்ல என்பதை வற்புறுத்திச் சொல்லுகின்றோம்.