தூக்கத்தில் மூச்சுத்திணறல்: கிருமித்தொற்றுக் காலத்தில் பல் மருத்துவர் செய்யக்கூடியது

(சங்கத்தின் சுகாதாரக் குழு 2021 நவம்பரில் சூம் வழி நடத்திய குடும்ப அமர்வில், பல் மருத்துவத் தம்பதியர் ஆற்றிய உரை)



தூக்கத்தைப் பற்றிப் பேசப் பல் மருத்துவர்களை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கியது. 24ஆம் தேதி நோன்பு பிறந்தது. பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் தராவீஹை எல்லாரும் வீட்டிலேயே தொழுதோம். பல் மருந்தகத்தில் வலி, வீக்கம், இரத்தக் கசிவு போன்ற அவசரங்களைத் தவிர வேறு எதையும் பார்க்க அனுமதியில்லை. அந்த நாட்களில் ஓர் இரவு, எங்களிடம் பல ஆண்டுகளாக வரும் ஒருவர் போன் செய்தார். பொருள் விநியோகிக்கும் வேன் ஓட்டுநர். தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்காகச் சீபேப் மெஷின் வைத்திருப்பவர்.

"டாக்டர், அந்த மெஷின் கிருமியக் காத்துல பரப்புமாமே, வாட்ஸ்அப்ல வந்துச்சு. வீட்டுல உம்மாவுக்கு 80 வயசு. பயந்து நிப்பாட்டிட்டேன். வாயில மாட்டுற மாதிரி நீங்க ஒண்ணு செய்வீங்களாமே?"

"கொஞ்சம் பொறுங்க பாய், ஜூன் பொறக்கட்டும், பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டோம்.

மே மாதம் ஒரு நாள் சஹர் செய்து, சுபுஹு தொழுதுவிட்டு வேனை எடுத்தவர், புளோக்குக்குப் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்திலேயே கண்ணயர்ந்து தூணில் மோதினார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் அடியில்லை. வேனின் முன்பக்கம்தான் நசுங்கியது. விரைவுச்சாலையில் ஏறிய பிறகு கண்ணயர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நாங்கள் பேசிக்கொள்வதுண்டு.

அன்று நாங்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ தொற்று இருக்கிறதா? அப்போது யாருக்கும் இல்லை. அப்படியானால் மெஷினை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. அதைச் சொல்லாமல் "பொறுங்கள்" என்றோமே, அதுதான் எங்கள் தவறு.

இப்போது நோயைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை திடுக்கிட்டு எழுப்பும். தூங்குபவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. ஒரு மணி நேரத்தில் இப்படி 5 முதல் 15 முறை நடந்தால் லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. சிங்கப்பூரில் நடந்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நடுத்தர அல்லது கடுமையான நிலை இருப்பதாகவும், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது தெரியாது என்றும் சொன்னது. நம் வீடுகளில் "அத்தா குறட்டை விட்டால் புளோக்கே அதிரும்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

சீபேப் மெஷினை உருவாக்கியவர் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன். 1981இல் அதை வெளியிட்டார். முகமூடி வழியாகக் காற்றை மெல்ல அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்தே வைப்பதுதான் அதன் வேலை. முகமூடியில் சிறு துளைகள் இருக்கும். விடும் மூச்சு அவற்றின் வழியே வெளியேற வேண்டும், அவற்றை அடைக்கக் கூடாது. அணிந்திருப்பவருக்கே கொவிட் இருந்தால் கிருமியும் அந்தத் துளைகள் வழியே அறைக்குள் வரக்கூடும். வாட்ஸ்அப் செய்தியில் இருந்த உண்மை அவ்வளவுதான்.

தொற்று வந்தால் தனியறை, மூடிய கதவு, திறந்த சன்னல் என்பார்கள். மூவறை வீவக வீட்டில் படுக்கையறை இரண்டுதானே? ஐந்து பேர் இருக்கும் வீட்டில் என்ன செய்வது? கடந்த மாதத்திலிருந்து பெரும்பாலானோர் வீட்டிலேயே குணமடைய வேண்டும் என்று ஆகிவிட்டதால், பல குடும்பங்களுக்கு இது நாளைக்கே வரக்கூடிய கேள்வி. அப்போதும் மெஷினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை எழுதிக்கொடுத்த மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். கடுமையான நிலையில் இருப்பவருக்கு மெஷின்தான் முதன்மை, அவருக்காக வீட்டார் கூடத்தில் படுக்க வேண்டியிருக்கலாம். லேசான, நடுத்தர நிலையில் இருப்பவருக்கு வேறொரு வழி உண்டு. பல் மருத்துவர்கள் வருவது அங்கேதான்.

கீழ்த்தாடையைச் சற்று முன்னே நிறுத்தும் வாய்ச்சாதனம் அது. மேல் பற்களுக்கு ஒன்று, கீழ்ப் பற்களுக்கு ஒன்று. தாடை முன்னே வந்தால் நாக்கும் வரும், பாதை திறக்கும். மின்சாரம் வேண்டாம், காற்றை வெளியே தள்ளாது. ஆனால் மெஷின் போல எல்லாருக்கும் முழுப் பலன் தராது. ஈறு நோய் முற்றியவர்களுக்கும், பற்கள் போதாதவர்களுக்கும் பொருந்தாது. நோயைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவரும் மருத்துவர்தான், நாங்கள் அல்ல. உறக்கப் பரிசோதனை முடிவில்லாமல் நாங்கள் செய்து தருவதில்லை. இணையத்தில் வாங்கி, வெந்நீரில் முக்கிக் கடித்துச் செய்துகொள்வதும் வேண்டாம்.

முக்கியமான விஷயம், இதைச் செய்து, பொருத்தி, சரிப்படுத்தச் சில வாரங்கள் பிடிக்கும். ஏஆர்டியில் இரண்டு கோடு விழுந்த பிறகு செய்ய முடியாது. தேவைப்படுவோர் நலமாக இருக்கும்போதே வரவேண்டும்.

மருந்தகத்துக்கு வரப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வேலையில் கிருமியைத் தெறிக்கவிடுவது சுழலும் கருவியும் பல் சுத்தம் செய்யும் கருவியும்தான். இந்தச் சாதனத்துக்கு அவை பெரும்பாலும் தேவையில்லை. பழைய முறையில் மாவு போன்ற பொருளை வாயில் வைத்து அச்செடுப்போம், பலருக்குக் குமட்டும், இருமல் வரும். இருமல் வந்தால் அறை முழுதும் துளிகள். ஆகவே இப்போது முடிந்தவரை வாய்க்குள் செல்லும் கேமராவால் படம் பிடிக்கிறோம். அதன் முனையை ஒவ்வொருவருக்குப் பிறகும் கிருமிநீக்கம் செய்கிறோம். அச்செடுத்தே ஆகவேண்டுமானால், கழுவி, கிருமிநாசினியிட்டுத்தான் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். முதல் பேச்சைப் போனிலேயே முடித்துவிடுவதால் நாற்காலியில் உட்காரும் நேரம் குறைவு. தாடையை முன்னே தள்ளும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அதையும் வீடியோவில் பார்த்துக்கொண்டே, வீட்டிலிருந்தே திருப்பச் சொல்கிறோம். ஓர் அம்மா திருகை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு, "டாக்டர், அவரு முன்னவிடச் சத்தமா குறட்டை விடுறாரு" என்றார்!

காலையில் சிறிது நேரம் தாடை வலிக்கலாம், கடி மாறினாற்போல் இருக்கலாம். நாள்பட்டால் கடி உண்மையாகவே மாறுவதும் உண்டு. அதனால் பரிசோதனைக்கு வருவதை நிறுத்தக் கூடாது. சாதனத்தைக் குளிர்ந்த நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவுங்கள், வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். உலர்த்தி அதன் பெட்டியில் வையுங்கள். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நோன்பு மாதத்துக்கு இன்னொன்று. சஹருக்கு எழும்போது மெஷினையோ சாதனத்தையோ கழற்றுகிறோம். சுபுஹுக்குப் பின் "அரை மணி நேரம்தானே" என்று அப்படியே சாய்ந்துவிடுகிறோம். மூச்சு நிற்பது அந்தத் தூக்கத்திலும்தான். மீண்டும் மாட்டிக்கொண்டு படுங்கள்.

அந்த வேன் ஓட்டுநர் ஜூலையில் வந்தார். பரிசோதனையில் நடுத்தர நிலை என்றிருந்தது. அவருடைய மருத்துவரும் சம்மதித்தார். இப்போது இரவில் சாதனம் அணிகிறார், மெஷினையும் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். உம்மா கூடத்தில்தான் படுக்கிறார்கள், மகனுடைய சத்தம் கேட்காமல் முதல் வாரம் தூக்கம் வரவில்லையாம்.

குறட்டை விடுபவருக்குத் தான் விடுவது தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே கேள்விகளை முதலில் வீட்டுக்காரிகளிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம், பிறகு கணவர்மார்கள் கேட்கலாம். வஸ்ஸலாம்.