துண்டும் செயலியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வியாபாரப் போட்டியைக் காக்கும் சட்டம் என்றதும், அது கொழும்பு முதலாளிமாரின் விஷயம், தோட்டத்து மக்களுக்கு அதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அதன் உட்பொருளை நம் முன்னோர் அனுபவத்திலேயே அறிந்திருந்தனர்.

அக்காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்ல விரும்பிய குடும்பம் ‘துண்டு’ பெற்றாக வேண்டும். கங்காணிக்குப் பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டினாலன்றி விடுதலை இல்லை. மலைநாட்டில் ஆள் தேடிய தோட்டங்கள் பல. எனினும் வெளியேற முடியாதவனுக்கு அத்தனையும் ஒரே தோட்டந்தானே! 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இன்று ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கொழும்பு சென்ற நம் வாலிபர் சிலர், பிக்மீ, ஊபர் ஆகிய செயலிகளின் வழியே முச்சக்கர வண்டி ஓட்டுகின்றனர். உணவுப் பொதி கொண்டு செல்கின்றனர். இச்செயலிகள் பிழைப்புக்கு வழி தந்தன என்பதை மறுப்பது நேர்மையன்று. விலகுபவனைப் பிடித்து நிறுத்துவாரும் இல்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, பயணிகளிடம் பெற்ற நட்சத்திர மதிப்பு, மற்றொரு செயலிக்கு அவனோடு செல்வதில்லை. அங்கே அவன் மீண்டும் புதியவனே. அன்று கடன் எழுதிய துண்டு கட்டிப்போட்டது. இன்று நற்பெயர் எழுதிய கணக்கே கட்டிப்போடுகிறது.

பிற தேசங்கள் விழித்துக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் டிஜிட்டல் சந்தைச் சட்டம் இயற்றி, பயன்படுத்துவோர் தம் தரவுகளை எடுத்துச் செல்ல வழிவிடும்படி மாபெரும் நிறுவனங்களைப் பணித்தது. பாரதத்தின் போட்டி ஆணைக்குழு அதே ஆண்டு அக்டோபரில், தன் செயலிகளைக் கைத்தொலைபேசிகளில் திணித்ததற்காகக் கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபா அபராதம் விதித்தது.

நம் நாட்டிலோ, ஏகபோகங்களையும் நிறுவன இணைப்புகளையும் விசாரிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான வர்த்தக ஆணைக்குழுவுக்கு அதிகாரம் அளித்தது. 2003இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதன் இடத்திற்கு வந்தபோது அவ்வதிகாரங்கள் கைவிடப்பட்டன.

அன்பர்களே, செயலிகளை விரட்ட வேண்டுமென நாம் கூறவில்லை. உழைப்பாளி தன் நற்பெயரோடு வெளியேறும் உரிமையைச் சட்டம் காக்க வேண்டும் என்கிறோம். வாக்குக் கேட்டு வருவோரிடம், காணியும் வீடும் கேட்கும் அதே குரலில் இதனையும் கேட்போமாக!